லினக்ஸ் டிரைவரில் க்ளோஸ் வேறு, ரிலீஸ் வேறு

லினக்ஸில் கேரக்டர் டிரைவர் (டிவைஸை ஒரு ஃபைல் போலத் திறந்து படிக்க, எழுத விடும் கெர்னல் கோட்) எழுதுகிறவர்களுக்கு ஒன்று: யூசர் புரோகிராம் க்ளோஸ் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் உங்கள் டிரைவரில் டிவைஸை விடுவிக்கும் ரிலீஸ் ஃபங்ஷன் ஓடாது. ஃபோர்க் (புராசஸை நகலெடுப்பது), டூப் (திறந்த ஃபைலின் டிஸ்கிரிப்டர் எண்ணை நகலெடுப்பது) செய்தால் டிரைவரின் ஓப்பன் மறுபடி வருவதில்லை, திறந்த ஃபைலுக்காகக் கெர்னல் ஏற்கெனவே வைத்திருக்கும் ஃபைல் ஸ்ட்ரக்சரின் கவுன்ட்தான் (அதை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்ற கணக்கு) ஒன்று கூடும். அது பூஜ்யமானால்தான் ரிலீஸ், எம்மேப் செய்திருந்தால் (ஃபைலைப் புராசஸின் மெமரியில் இணைத்திருந்தால்) அதையும் விடுவிக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு க்ளோஸையும் பிடிக்க வேண்டுமென்றால் ஃப்ளஷ் என்ற இன்னொரு டிரைவர் ஃபங்ஷன் இருக்கிறது. க்ளோஸ் செய்தவருக்குப் பிழை சொல்வதாக இருந்தாலும் அங்கேதான், ரிலீஸ் திருப்பித் தரும் மதிப்பை கெர்னல் சட்டை செய்யாது.

அப்புறம், ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் திறக்கலாம் என்றால் 'பிஸியா' என்று இஃப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வரியில் ஒன்று என்று வைக்காதீர்கள், அந்த இடைவெளியில் இரண்டு பேர் நுழைந்துவிடுவார்கள். ஒரு பிட்டைப் பார்ப்பதையும் ஒன்று என்று வைப்பதையும் ஒரே அடியில் செய்யும் டெஸ்ட்_அண்ட்_செட்_பிட் போதும், பிட் ஏற்கெனவே ஒன்றாக இருந்தால் மைனஸ் ஈபிஸி ('டிவைஸ் பிஸி' என்ற பிழை எண்) திருப்புங்கள். ஆனால் ஓப்பனில் அதற்குப் பிறகு மெமரி கிடைக்காமல் வெளியேறினால் பிட்டைத் துடைத்துவிட்டுப் போங்கள், ஓப்பன் தோற்றால் ரிலீஸ் வரவே வராது, பிட் அப்படியே நின்றுவிடும், டிரைவர் மாட்யூலைக் கழற்றி மாட்டும்வரை யாராலும் டிவைஸைத் திறக்க முடியாது.