பேண்ட் 6-ல இருந்து 7-க்கு: வேலை பாத்துக்கிட்டே ஆன்லைன்ல ரிப்போர்ட்டிங் பிஜி சர்ட் படிக்கிறது எப்படி

இங்கிலாந்துல என்ஹெச்எஸ்-ல (அரசு ஆஸ்பத்திரி சேவை) ரேடியோகிராஃபரா இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் இதையே மாத்தி மாத்தி கேக்குறாங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன், இனிமே கேக்குறவங்களுக்கு லிங்க் அனுப்பிட்டு நான் தூங்கலாம். ஊர்ல பிஎஸ்சி முடிச்சு, ஹெச்சிபிசி (இங்க ரேடியோகிராஃபர்களப் பதிவு பண்ற அமைப்பு) ரெஜிஸ்ட்ரேஷன் வாங்கி, இங்க வந்து பேண்ட் (என்ஹெச்எஸ் சம்பள கிரேட்) 5-லயோ 6-லயோ உக்காந்தாச்சு, அடுத்து என்ன? நான் போனது பிளெயின் ஃபிலிம் ரிப்போர்ட்டிங், அதாவது சாதா எக்ஸ்ரே படத்தப் பாத்து ரிப்போர்ட் எழுதறதுக்கான பிஜி சர்ட் (போஸ்ட்கிராஜுவேட் சர்டிஃபிகேட்), பார்ட் டைம், பாடமெல்லாம் ஆன்லைன். ஹெச்சிபிசி, விசா கதையெல்லாம் இங்க கிடையாது, அது ஏற்கனவே ஊர்பட்டது எழுதியிருக்காங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. இதுல யுனிவர்சிட்டி சீட்தான் இருக்குறதுலயே ஈஸி. மென்டர், பாக்குறதுக்குப் படங்க, முடிச்சப்புறம் உக்கார ஒரு போஸ்ட், இந்த மூணுமே உங்க டிபார்ட்மென்ட் கையில இருக்கு. அதனால முதல்ல ஆஸ்பத்திரி பக்கத்த முடிங்க, அப்புறம்தான் அப்ளிகேஷன்.

படி 1: எந்தப் பக்கம்னு முடிவு பண்ணுங்க

ரிப்போர்ட்டிங், சிடி, எம்ஆர்ஐ, மேமோகிராஃபி, அல்ட்ராசவுண்ட், இல்லன்னா டீச்சிங், மேனேஜ்மென்ட். இதுல அல்ட்ராசவுண்ட ஆன்லைன்ல முடிக்கலாம்னு நினைக்காதீங்க, தியரி வேணா வீட்ல படிக்கலாம், ப்ரோப் கையில பிடிச்சு சூப்பர்விஷன்ல ஸ்கேன் பண்ற நேரம்தான் அந்தப் படிப்பே. அதுக்கு கேஸ் (CASE, அல்ட்ராசவுண்ட் படிப்புகள அங்கீகரிக்கிற அமைப்பு) அங்கீகாரம் இருக்குற கோர்ஸான்னும் பாருங்க, இல்லன்னா வேலைக்குக் கேக்குறப்ப இடிக்கும். எம்ஆர்ஐ, சிடி பிசிக்ஸ், ரிசர்ச் பக்கம் ஆசை இருக்குறவங்களுக்கு எடின்பரோ யுனிவர்சிட்டில முழுசா ஆன்லைன்லயே இமேஜிங் மாஸ்டர்ஸ் இருக்கு. ஆனா அத முடிச்சா ரிப்போர்ட் எழுத உரிமை வந்துடும்னு நினைச்சு சேராதீங்க, அது வேற இது வேற.

ரிப்போர்ட்டிங்லயும் எல்லாத்தையும் ஒரேயடியா எடுக்க முடியாது. பெரும்பாலும் கை கால் எலும்புல ஆரம்பிச்சு, அப்புறம் முதுகெலும்பு இடுப்பு, செஸ்ட் தனி. செஸ்ட்லதான் ஆரம்பிப்பேன்னு அடம் பிடிக்கிறவங்கள பாத்திருக்கேன், என் கருத்து கை கால்தான் முதல்ல. ஏ அண்ட் இ-ல (அவசர சிகிச்சைப் பிரிவு) தினமும் அள்ள அள்ள வரும், லாக்புக் (நீங்க பாத்து எழுதின படங்களோட பதிவு) நிறையறதுக்கு அதுதான் வழி.

படி 2: கிரெடிட் கணக்கு

பிஜி சர்ட் 60 கிரெடிட், பிஜி டிப்ளமா 120, எம்எஸ்சி 180. எல்லாமே லெவல் 7. ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம் படிப்புன்னு கணக்கு, அப்ப 20 கிரெடிட் மாட்யூல் ஒண்ணுக்கு 200 மணி நேரம். அது 14 வாரத்துல ஓடுதுன்னா வாரத்துக்கு 14 மணி நேரம் சொச்சம். நைட் ஷிஃப்ட், ஆன்கால், பிள்ளைய ஸ்கூல்ல விடுறது எல்லாத்துக்கும் நடுவுல இது. ரெண்டு மாட்யூல் ஒண்ணா எடுத்தா சீக்கிரம் முடியுமேன்னு தோணும், தோணட்டும், எடுக்காதீங்க.

எம்எஸ்சின்னு சேந்துட்டு 60-லயோ 120-லயோ எக்ஸிட் அவார்ட் வாங்கிட்டு வெளிய வர முடியுமா, நடுவுல ஒரு வருஷம் பிரேக் எடுக்கலாமா, மொத்தம் எத்தனை வருஷத்துக்குள்ள முடிக்கணும், இந்த மூணு கேள்விய மட்டும் கோர்ஸ் லீடருக்கு மெயில்ல கேட்டு பதில பத்திரமா வச்சிக்கோங்க.

படி 3: மென்டர், படம், அனுமதி

எனக்கு ரொம்ப நாள் இழுத்தது இதுதான், அதனால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

ரிப்போர்ட்டிங் கோர்ஸ்ல சேர ஆஸ்பத்திரில இருந்து ஒரு மென்டர் கையெழுத்து போடணும், கன்சல்டன்ட் ரேடியாலஜிஸ்ட்டோ ஏற்கனவே ரிப்போர்ட் பண்ற சீனியர் ரேடியோகிராஃபரோ. ரேடியாலஜிஸ்ட்டுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. காரிடார்ல நிறுத்தி "எனக்கு மென்டரா இருப்பீங்களா"ன்னு கேட்டா சிரிச்சிட்டு "ஷ்யூர்"ம்பாங்க, அந்த ஷ்யூருக்கு ஒரு மதிப்பும் கிடையாது. வாரம் ஒரு மணி நேரம், இந்தக் கிழமை, இந்த ரூம், ஜாப் பிளான்ல ஏறுமா, அவங்க லீவுல போனா யார் பாப்பாங்க, இதெல்லாம் எழுத்துல வரணும். மேனேஜர பாக்கப் போறப்ப "எனக்கு முன்னேறணும்"னு பேச்ச ஆரம்பிக்காதீங்க. ஏ அண்ட் இ படம் எத்தனை ரிப்போர்ட் ஆகாம நிக்குது, எத்தனை நாள் தாமதம், வெளிய டெலிரேடியாலஜி கம்பெனிக்கு எவ்ளோ போகுது, இந்த நம்பரோட போங்க. நீங்க கை கால் படத்த எடுத்துக்கிட்டா ரேடியாலஜிஸ்ட் சிடி, எம்ஆர் பாப்பாங்க, மேனேஜருக்குப் புரியற பாஷை அதுதான்.

அடுத்து அனுமதி. ஐஆர்மெர் 2017 (மருத்துவக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள்) சட்டப்படி படத்தப் பாத்து ரிப்போர்ட் எழுதறது கிளினிகல் எவாலுவேஷன், அத செய்யறவர் ஆபரேட்டர், அந்த வேலைக்கு எம்ப்ளாயர் உங்களுக்கு எழுத்துல அனுமதி குடுத்திருக்கணும் (என்டைட்டில்மென்ட்). யுனிவர்சிட்டி சர்டிஃபிகேட் அந்த உரிமையத் தராது, டிரஸ்ட்தான் (ஆஸ்பத்திரிய நடத்துற என்ஹெச்எஸ் அமைப்பு) தரணும். ஸ்கோப் எப்படி இருக்கும்னா, இந்த வயசுக்கு மேல, இந்த உடல் பாகம், இந்த டிபார்ட்மென்ட்ல இருந்து வர்ற ரெஃபரல், அவ்ளோதான். படிக்கிற காலத்துல நீங்க எழுதறது பிராக்டிஸ் ரிப்போர்ட், அது பேஷன்ட் ரெக்கார்டுல போகக் கூடாது, மென்டர் பாத்து சைன் பண்ற வழி தனியா இருக்கணும்.

இப்ப லாக்புக். நீங்க முதல்ல பிளைண்டா எழுதணும், அப்புறம் ஃபைனல் ரிப்போர்ட்டோட ஒப்பிடணும். கேக்க சிம்பிள், ஆனா பேக்ஸ்ல (ஆஸ்பத்திரில படங்கள வச்சுப் பாக்குற கம்ப்யூட்டர் சிஸ்டம்) படத்தத் திறந்தாலே ஃபைனல் ரிப்போர்ட் பக்கத்துலயே பல்லைக் காட்டிட்டு நிக்கும், ஒரு தடவ கண்ணுல பட்டா அந்தக் கேஸ் போச்சு. பேக்ஸ் மேனேஜர்கிட்ட போயி ரிப்போர்ட் பேனல் மறைஞ்சு வர்ற மாதிரி உங்களுக்குத் தனி வொர்க்லிஸ்ட் கேளுங்க, இல்லன்னா இன்னும் ரிப்போர்ட் ஆகாத லிஸ்ட்ல இருந்து எடுத்து எழுதிட்டு ரெண்டு வாரம் கழிச்சு ஒப்பிடுங்க. பேக்ஸ் மேனேஜருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க, இந்தப் படிப்பு முழுக்க அவங்க உங்களுக்கு வேணும்.

அக்ரீமென்ட் கணக்குல, அதாவது உங்க ரிப்போர்ட் ஃபைனல் ரிப்போர்ட்டோட எவ்ளோ ஒத்துப்போகுதுங்கிறதுல, ஒரு பொறி இருக்கு. 100 படத்துல 80 நார்மல்னு வைங்க. கண்ண மூடிக்கிட்டு எல்லாத்துக்கும் "நார்மல்"னு எழுதினாலும் 80 சதவீதம் அக்ரீமென்ட், ஸ்பெசிஃபிசிட்டி (நார்மல சரியா நார்மல்னு சொன்னது) 100, சென்சிட்டிவிட்டி (கோளாறு இருக்குறத சரியா பிடிச்சது) பூஜ்யம். ஒரு ஃபிராக்சர் கூட பிடிக்கல! அதனால மொத்த அக்ரீமென்ட்ட மட்டும் பாத்து சந்தோஷப்படாதீங்க, எக்செல்ல ட்ரூ பாசிடிவ், ஃபால்ஸ் பாசிடிவ், ட்ரூ நெகடிவ், ஃபால்ஸ் நெகடிவ்னு நாலு கட்டம் போட்டு வாரா வாரம் சென்சிட்டிவிட்டிய தனியா பாருங்க. ஆரம்பத்துல எல்லாருக்கும் ஃபால்ஸ் பாசிடிவ் ஏறும், எதப் பாத்தாலும் ஃபிராக்சராத் தெரியும், நியூட்ரியன்ட் சேனல், ஆக்சசரி ஆசிக்கிள், பிள்ளைங்க முழங்கைல ஆசிஃபிகேஷன் சென்டர், நார்மலா இருக்குற இதெல்லாம் பயமுறுத்தும். அது தானா இறங்கும். ஃபால்ஸ் நெகடிவ்தான் உக்காந்து படிக்க வேண்டியது, ஒவ்வொண்ணுக்கும் ஏன் விட்டேன்னு ஒரு வரி எழுதுங்க, பார்க்கவே இல்லையா, பாத்தும் நார்மல்னு முடிவு பண்ணேனா. ரெண்டும் வேற வேற வியாதி.

அந்த ஷீட்ல பேஷன்ட் பேரு, என்ஹெச்எஸ் நம்பர், பொறந்த தேதி எதுவும் கூடாது, அக்செஷன் நம்பர் (ஒவ்வொரு எக்ஸ்ரே பரிசோதனைக்கும் குடுக்குற நம்பர்) கூட அடையாளம்தான். அனானிமைஸ் பண்ணாம யுனிவர்சிட்டி போர்ட்டல்ல ஏத்திட்டா ஹெச்சிபிசி வரைக்கும் போற சமாச்சாரம் அது.

படி 4: காசு

முதல்ல டிரஸ்ட்டோட சிபிடி ஃபண்டிங் (வேலையில இருக்குறவங்க தொடர்ந்து படிக்கக் குடுக்குற காசு). அப்ரைசல்ல பர்சனல் டெவலப்மென்ட் பிளான்ல இந்தக் கோர்ஸ் பேரு ஏறியிருக்கணும், ஏறலன்னா பட்ஜெட் பங்கு போடுறப்ப உங்க பேரே வராது. கட்டினா லேர்னிங் அக்ரீமென்ட் நீட்டுவாங்க, முடிச்சு இத்தனை காலத்துக்குள்ள போனா காசத் திருப்பிக் குடுன்னு இருக்கும், படிச்சிட்டு கையெழுத்து போடுங்க. ஸ்டடி லீவ் எத்தனை நாள்னும் அதுலயே எழுத வைங்க.

நீங்களே கட்டறதா இருந்தா ரெண்டு விஷயம். போஸ்ட்கிராஜுவேட் மாஸ்டர்ஸ் லோன் முழு மாஸ்டர்ஸுக்குத்தான், தனியா பிஜி சர்ட்டுக்கு வராது, ஸ்கில்ட் வொர்க்கர் விசால இருக்குறவங்களுக்கும் பொதுவா வராது, ஐஎல்ஆர் (இங்க நிரந்தரமா இருக்க அனுமதி) மாதிரி செட்டில்டு ஸ்டேட்டஸ் வேணும். அதே காரணத்தால யுனிவர்சிட்டி உங்கள ஓவர்சீஸ் ஃபீஸ்ல போட்டுடலாம், டிஸ்டன்ஸ் கோர்ஸ் சிலதுல எல்லாருக்கும் ஒரே ஃபீஸ். எதுன்னு முன்கூட்டியே எழுத்துல வாங்குங்க.

பழைய பதிவுகள்ல ஏசிபி (அட்வான்ஸ்டு கிளினிகல் பிராக்டிஷனர்) அப்ரென்டிஸ்ஷிப்ல ஃப்ரீயா படிக்கலாம்னு போட்டிருப்பாங்க. 2026 ஜனவரில இருந்து லெவல் 7 அப்ரென்டிஸ்ஷிப்புக்கு அரசு ஃபண்டிங் 16-ல இருந்து 21 வயசு வரைக்கும்தான், கேர் லீவர்ஸ் (அரசுப் பராமரிப்புல வளந்து வெளிய வந்தவங்க) மாதிரி சிலருக்கு மட்டும் விலக்கு. நம்ம வயசுக்கு அந்தக் கதவு மூடியாச்சு.

படி 5: அப்ளிகேஷன்

பிஎஸ்சி மார்க் ஷீட், ஹெச்சிபிசி நம்பர், மேனேஜர் லெட்டர், மென்டர் லெட்டர், ஒரு பக்க ஸ்டேட்மென்ட். இந்திய டிகிரிக்கு யூகே ஈனிக் கம்பேரபிலிட்டி (இங்க எந்தத் தகுதிக்குச் சமம்னு காட்டுற சான்று) கேக்கலாம். ஐஈஎல்டிஎஸ் பழையதா இருந்தா திரும்ப எழுதச் சொல்லுவாங்களா, இங்கிலாந்துல வேலை பாக்குற அனுபவமே போதுமான்னு கேட்டுட்டு பணம் கட்டுங்க. அவ்ளோதான், இதுல பெருசா ஒண்ணும் இல்ல.

படி 6: படிக்கிறதுக்கு என்ன வச்சிக்கணும்

ரெஃபரன்ஸ் சேத்து வைக்க சொட்டேரோ (Zotero) சாஃப்ட்வேர். அதே வேலைய செய்யற எண்ட்நோட்ட யுனிவர்சிட்டி ஓசில குடுத்தாலும் படிப்பு முடிஞ்சதும் பிடுங்கிடுவாங்க. ஆஸ்பத்திரி லேப்டாப்ல இன்ஸ்டால் பண்ண விடாது, சொந்த லேப்டாப்லதான் பண்ணணும். என்ஹெச்எஸ் ஓபன்ஏதென்ஸ் (ஜர்னல் படிக்கிறதுக்கான லாகின்) அக்கவுண்ட் இன்னைக்கே போடுங்க, யுனிவர்சிட்டி லைப்ரரில இல்லாத ஜர்னல் அதுல இருக்கும், அதுல இல்லாதது இதுல இருக்கும். ஆஸ்பத்திரி லைப்ரேரியன்கிட்ட லிட்ரேச்சர் சர்ச் உதவி கேளுங்க, கேக்குறதுக்கு ஆள் இல்லாம அவங்க உக்காந்திருக்காங்க. இ-எல்எஃப்ஹெச் (என்ஹெச்எஸ்ஸோட ஆன்லைன் பாட) போர்ட்டல்ல இமேஜ் இன்டர்ப்ரிட்டேஷன் பாடங்க என்ஹெச்எஸ் ஆளுங்களுக்கு இலவசம், ரேடியோபீடியாவ நான் சொல்லணும்னு இல்ல.

நம்ம ஊர்ல படிச்சவங்களுக்கு இடிக்கிறது எழுத்து. பாடத்த மனப்பாடமா தெளிவா எழுதினா நமக்கு அங்க மார்க்கு, இங்க லெவல் 7-ல அது வெறும் டிஸ்கிரிப்டிவ்னு கமென்ட் வரும். ஒரு ஸ்டடிய சொன்னா அதுல சாம்பிள் எப்படி எடுத்தாங்க, ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்டு ஒரு ரேடியாலஜிஸ்ட்டா ரெண்டு பேரா, அந்த முடிவு உங்க ஏ அண்ட் இ-க்கு ஒத்து வருமான்னு கேள்வி கேட்டு எழுதணும். முதல் அசைன்மென்ட்டோட டிராஃப்ட்ட டியூட்டருக்கு அனுப்புங்க, வெக்கப்படாதீங்க.

படி 7: முடிச்சப்புறம்

சர்டிஃபிகேட் வந்தவுடனே பேண்ட் 7 வராது. போஸ்ட் ஒண்ணு இருக்கணும், அத விளம்பரம் பண்ணணும் இல்லன்னா உங்க ஜாப் டிஸ்கிரிப்ஷன் மாறி மேட்சிங்குக்கு (வேலை எந்த பேண்ட்டுன்னு முடிவு பண்றது) போகணும். இந்தப் பேச்ச படி 3-லயே மேனேஜர்கிட்ட எடுங்க.

சம்பளத்தையும் கண்ணத் திறந்து பாருங்க. இங்கிலாந்துல 2025-26 கணக்குப்படி பேண்ட் 6 உச்சம் 46,580 பவுண்ட், பேண்ட் 7 ஆரம்பம் 47,810. வித்தியாசம் 1,230. நைட்டுக்கும் சனிக்கிழமைக்கும் 30 சதவீதம், ஞாயிறுக்கு 60 சதவீதம் கூடுதலா வாங்கிட்டு இருந்தவர் திங்கள்-வெள்ளி ரிப்போர்ட்டிங் ரூம்ல உக்காந்தா முதல் வருஷம் கைக்கு வர்றது குறையக் கூட குறையும். அப்புறம் பேண்ட் உச்சம் 54,710 வரைக்கும் ஏறும், அதுக்கு மேல 8ஏ. வீட்ல இந்தக் கணக்க முன்னாடியே பேசிடுங்க, முதல் பே ஸ்லிப் வந்தப்புறம் பேசினா வேற மாதிரி போகும்.

அப்டேட்: வீட்ல இருந்தே படத்தப் பாத்து லாக்புக் எழுதலாமான்னு மூணு நாலு பேர் கேட்டுட்டாங்க. பாடம் வீட்ல, படம் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டிங் மானிட்டர்ல. சாதா லேப்டாப் ஸ்கிரீன்ல மெல்லிசான ஸ்கேஃபாய்ட் (மணிக்கட்டு எலும்பு) ஃபிராக்சர தேடி கண்ணக் கெடுத்துக்காதீங்க.

இன்னொரு அப்டேட்: தமிழ்நாட்டுல இருந்துக்கிட்டே இத படிக்கலாமான்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். ரிப்போர்ட்டிங் கோர்ஸ்ல சேர மென்டரும் கிளினிகல் இடமும் வேணும், ஊர்ல ரேடியோகிராஃபர் ரிப்போர்ட் எழுதற வழக்கமே இல்ல, அதனால ஆகாது. ஊர்லயே ஆன்லைன்ல எம்எஸ்சி இருக்கான்னும் கேட்டார், யுஜிசி 2025 ஜூலை-ஆகஸ்ட் அட்மிஷன்ல இருந்து அலைட் ஹெல்த் படிப்புகள ஆன்லைன், தொலைதூர முறையில நடத்தக் கூடாதுன்னுடுச்சு, அதனால யாராவது ஏஜென்ட் சீட் இருக்குன்னா காசு குடுக்காதீங்க. அங்க இருக்குறவங்களுக்கு ஏஇஆர்பி (இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) ஆர்எஸ்ஓ (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) தகுதி, நல்ல எம்ஆர்ஐ சென்டர்ல ரெண்டு வருஷம், அது போதும் இப்போதைக்கு. இங்க வந்தப்புறம் படி 1-ல இருந்து ஆரம்பிக்கலாம்.