ஸ்டாப்வாட்சை எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி: படிக்கிற வேகமும் புரியறதும், நாம பண்ற தப்புகளும்

பையன் ஒரு பக்கத்தை கடகடன்னு தங்குதடையில்லாம வாசிச்சு முடிப்பான், நமக்கும் பெருமையா இருக்கும், சரி என்னடா சொல்லியிருக்கு இதுலன்னு கேட்டா விட்டத்தைப் பாப்பான். இன்னொரு பொண்ணு ஒவ்வொரு எழுத்தா கூட்டி கூட்டி படிக்கும், பாவம் கடைசி வார்த்தைக்கு வரும்போது முதல் வார்த்தை மறந்தே போயிருக்கும். முதல் ஆளுக்கு "மெதுவா படி"ங்கிறோம், ரெண்டாவது ஆளுக்கு "வேகமா படி"ங்கிறோம், அவ்ளோதான் நம்ம வைத்தியம். சொந்தக்காரங்க பசங்க நாலஞ்சு பேரை கொஞ்ச வருஷமா உக்கார வச்சு படிக்க வைக்கிறதுல நானும் இதையே பண்ணிட்டுதான் இருந்தேன், ரெண்டுமே பெருசா வேலைக்கு ஆகல.

பெரிய தப்பு இங்கதான் ஆரம்பிக்குது, வேகத்தை தனியா ஒரு திறமையா நினைச்சு அதை மட்டும் ஏத்தப் பாக்குறது. 1974ல லபெர்ஜ், சாமுவேல்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சொன்ன விஷயம் ரொம்ப சிம்பிள், நம்ம கவனம் ஒரு அளவுதான், எழுத்தைக் கூட்டுறதுலயே அது முழுசா செலவாயிட்டா அர்த்தத்துக்கு மிச்சம் இருக்காது. எழுத்து தானா வர ஆரம்பிச்சாதான் மனசு விஷயத்துக்குப் போகும், வேகமும் அப்போ கூடவே வரும். அதனால ரொம்ப ஸ்லோவா படிக்கிற குழந்தையை "நிதானமா படிக்குது"ன்னு விட்டுடறதும் தப்புதான். சின்னதா ஒரு பத்தியை எடுத்து அதையே மூணு நாலு தடவை சத்தமா படிக்க வைங்க, அதே சாமுவேல்ஸ் 1979ல எழுதின முறைதான் இது, நல்லாவே வேலை செய்யும். ஆனா பக்கத்துல டைமரை வச்சு "போன தடவையை விட ரெண்டு செகண்ட் கம்மி"ன்னு கைதட்ட ஆரம்பிச்சீங்கன்னா குழந்தை ஓட்டப்பந்தயம்தான் கத்துக்கும், முற்றுப்புள்ளியில கூட நிக்காது.

அடுத்தது நாம கேக்குற கேள்வி. இதைப் படிச்சுப் பாருங்க: "லமரன் கிறட்டத்தை மெதுவா நெகுளினான்." யார் நெகுளினா? லமரன். எதை நெகுளினான்? கிறட்டத்தை. எப்படி நெகுளினான்? மெதுவா. மூணுக்கு மூணு மார்க், ஆனா கிறட்டம்னா என்னன்னு எனக்கே தெரியாது, இப்பதான் நானே உண்டாக்கினேன்! யார், எது, எங்கேன்னு மட்டும் கேட்டுட்டு புரிஞ்சிடுச்சுன்னு முடிவு பண்ணிடறோம். "அவன் ஏன் அப்படி பண்ணான், அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிற"ன்னு கேட்டா ரெண்டே நிமிஷத்துல உண்மை தெரிஞ்சிடும்.

பிரச்சனை எங்க இருக்குன்னு பாக்காமலே மருந்து குடுக்குறோம், அதுவும் ஒண்ணு. அந்தப் பத்தியை நீங்க வாசிச்சுக் காட்டுங்க, குழந்தை கேக்கட்டும். காதால கேட்டா புரியுது, கண்ணால படிச்சாதான் புரியலன்னா, சிக்கல் எழுத்து கூட்டுறதுலதான், வாசிப்புப் பயிற்சி குடுங்க, எவ்ளோ பயிற்சி குடுத்தும் நகரலன்னா டிஸ்லெக்சியா (புத்தி இருந்தும் எழுத்து வாசிக்கிறது மட்டும் கஷ்டமா இருக்கிற நிலை) மாதிரி ஏதாவது இருக்கான்னு தெரிஞ்சவங்ககிட்ட காட்டிடுங்க, சோம்பேறின்னு பட்டம் கட்டாதீங்க. கேட்டாலும் புரியலன்னா அது வாசிக்கிற சிக்கலே இல்ல, வார்த்தை தெரியல, இல்ல அந்த விஷயமே புதுசு. கஃப், டன்மர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1986ல இதை ஒரு பெருக்கல் கணக்கா சொன்னாங்க, எழுத்தை வாசிக்கிற திறன் இன்ட்டூ மொழியைப் புரிஞ்சுக்கிற திறன், இதுல ஒண்ணு சைபர்னா மொத்தமும் சைபர்.

அந்த "விஷயம் தெரியறது" எவ்ளோ பெருசுன்னு 1988ல ஒரு ஆய்வு நல்லா காட்டுச்சு. ரெக்ட், லெஸ்லின்னு ரெண்டு பேர் 64 பள்ளிப் பசங்ககிட்ட பேஸ்பால் ஆட்டம் பத்தின ஒரு பத்தியைக் குடுத்துப் பாத்தாங்க. நல்லா வாசிக்கிற ஆனா பேஸ்பால் தெரியாத பசங்களை விட, வாசிப்புல வீக்கான ஆனா பேஸ்பால் தெரிஞ்ச பசங்க நல்லா புரிஞ்சுகிட்டாங்க. அதனால ஒரு பாடத்துல பையன் தடுமாறினா, அதையே பத்து தடவை படிக்க வைக்கிறதுக்குப் பதிலா முதல்ல அந்த விஷயத்தைப் பத்தி பத்து நிமிஷம் பேசிட்டு அப்புறம் படிக்கக் குடுத்துப் பாருங்க.

இப்போ பெரிய பசங்க கதை. பரிட்சை நெருங்கினா ஸ்பீட் ரீடிங் கோர்ஸ், ஆப்னு போவாங்க, நிமிஷத்துக்கு 1,000 வார்த்தை 2,000 வார்த்தைன்னு விளம்பரம் வரும். வார்த்தை ஒண்ணொண்ணா திரையில மின்னி மறையுற ஆப் ஒண்ணை நானும் ஒரு மாசம் வச்சிருந்தேன், படிக்கும்போது ஏதோ பெரிய அறிவாளி ஆயிட்ட ஃபீலிங், மறுநாள் காலைல யோசிச்சா ஒரு வரி நினைவுல இல்ல. காரணம் இருக்கு. படிக்கும்போது கண்ணு வழுக்கிட்டே போறதில்ல, ஒரு இடத்துல கிட்டத்தட்ட கால் செகண்ட் நிக்கும், அப்புறம் தாவும், அந்தத் தாவல்ல பத்துல ஒண்ணாவது பின்னாடி போறதா இருக்கும், புரியாத இடத்தைத் திரும்பப் பாக்கத்தான் அது. ஆப்ல அந்தப் பின்னாடி போற வழியையே அடைச்சிடறாங்க. 2014ல கண் அசைவை வச்சு வாசிப்பை ஆராயுற கீத் ரேனர்ங்கிறவரோட குழு அப்படித் திரும்பப் பாக்க முடியாம பண்ணிப் பாத்தப்போ புரியறது குறைஞ்சுது. 2016ல அவரும் கூட இருந்தவங்களும் அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சியை எல்லாம் சேத்து எழுதினதும் இதேதான், வேகத்தை ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஏத்தினா புரியறதுல விலை குடுத்தே ஆகணும். "மனசுக்குள்ள சத்தம் வராம படி"ங்கிற அட்வைஸும் அப்படித்தான், கஷ்டமான பாடத்துக்கு அந்த உள்குரல் துணைதான், அதை அமுக்காதீங்க.

பெரியவங்க இங்கிலீஷ்ல மனசுக்குள்ள படிக்கிற சராசரி வேகம் நிமிஷத்துக்கு 238 வார்த்தைன்னு 2019ல பல ஆய்வுகளை ஒண்ணா சேத்துப் பாத்த ஒரு பெரிய தொகுப்பாய்வு கணக்கு போட்டுச்சு, அது கதை இல்லாத எழுத்துக்கு, கதைக்கு 260. இந்த நம்பரை எடுத்துட்டு வந்து தமிழ்ப் பாடத்துக்குப் போட்டு "என் பொண்ணு ரொம்ப ஸ்லோ"ன்னு கவலைப்படறவங்களை பாத்திருக்கேன். "படிக்கவேண்டியிருந்ததால"ங்கிறது நமக்கு ஒரே வார்த்தை, அதையே இங்கிலீஷ்ல சொல்ல நாலஞ்சு வார்த்தை வேணும், அப்புறம் எப்படி ஒரே அளவுகோல் சரிப்படும்.

தமிழ்ல இன்னொரு கண்ணி, 'இல்லை'ங்கிற அர்த்தம் பெரும்பாலும் வாக்கியத்தோட கடைசியில வினையில ஒட்டிகிட்டு வரும். வரியோட முதல் பாதியைப் படிச்சுட்டு தாவுறவன் "எழுத வேண்டும்", "எழுத வேண்டியதில்லை" ரெண்டையும் ஒண்ணாதான் படிப்பான். கேள்வித்தாள்ல "பொருந்துவது எது", "பொருந்தாதது எது"ல மார்க் விட்டவங்க கை தூக்குங்க, நானும்தான். கதையை வேகமா படிக்கலாம், பொருளடக்கத்தை மேயலாம், ஆனா கணக்கையும் கேள்வியையும் அதே வேகத்துல படிக்க முடியாது, இந்த கியர் மாத்துறதை யாரும் சொல்லித் தர்றதில்ல.

கடைசியா, ரெண்டாவது தடவை படிக்கும்போது வேகமா போகுதுன்னா புரிஞ்சிடுச்சுன்னு நினைக்கிறது, அது பழக்கம் மட்டும்தான். 2006ல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பண்ண சோதனையில, திரும்பத் திரும்பப் படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல முன்னாடி இருந்தாங்க, ஒரு வாரம் கழிச்சு பாத்தா புத்தகத்தை மூடிட்டு நினைவுல இருந்து எழுதிப் பாத்தவங்கதான் முன்னாடி. அதனால ஒரு பக்கம் முடிஞ்சதும் புத்தகத்தை மூடச் சொல்லுங்க, தெரியாத ஆளுக்குச் சொல்ற மாதிரி ரெண்டு நிமிஷம் சொல்லட்டும், குறுக்க பேசாதீங்க. எந்த இடத்துல "அப்புறம் ஏதோ ஆச்சு"ன்னு இழுக்குறாங்களோ அந்தப் பத்தியை மட்டும் திரும்ப எடுத்துப் படிச்சா போதும், முழு பக்கமும் வேண்டாம்.