ரவுட்டர் வாங்கப் போகும் முன் லைனையும் சுவரையும் பாருங்கள்

மும்பை லாமிங்டன் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் போய் "நல்ல ரவுட்டர் ஒன்று வேண்டும்" என்று சொன்னால், கடைக்காரர் உடனே கேட்பது பட்ஜெட் எவ்வளவு என்பதைத்தான். உண்மையில் கேட்க வேண்டியது வேறு. லைன் ஃபைபரா, வெறும் லேன் வயரா? பிளான் எத்தனை எம்பிபிஎஸ், அதாவது நெட் வேகம் எவ்வளவு? நெட் எத்தனை சுவரைத் தாண்டிப் போக வேண்டும், எத்தனை கம்ப்யூட்டர், சிசிடிவி உண்டா? கடையில் கூட்டம் நெரியும்போது அவருக்கு இதையெல்லாம் கேட்க நேரமிருக்காது, அதனால் பதில்களை நீங்களே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். செம்பூர், மாட்டுங்கா, சயான், தாராவி என்று நம் ஆட்களின் வீடுகளிலும் சின்ன ஆபீஸ்களிலும் பல வருடமாக இந்த வேலையைச் செய்து கொடுத்து வருகிறேன். ரவுட்டரை மாற்றியதும் சரியான இடங்களைவிட, மாற்றியும் சரியாகாத இடங்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கோளாறு வேறு எங்கோ இருந்திருக்கும்.

எனவே முதல் வேலை ஒரு சோதனை. இப்போது இருக்கும் பெட்டியோடு ஒரு லேப்டாப்பை லேன் வயரில் இணைத்து, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்கள். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லோரும் வீட்டுக்கு வந்து படம் பார்க்க உட்காரும் நேரத்தில் ஒரு தடவை. வயரிலேயே வேகம் வரவில்லை என்றால் பெரும்பாலும் எந்த ரவுட்டரை வாங்கினாலும் வராது, நெட் லைன் கொடுக்கும் கேபிள்காரருக்குத்தான் போன் செய்ய வேண்டும். வயரில் முழுசாக வந்து வைஃபையில் மட்டும் வரவில்லை என்றால்தான் புது ரவுட்டரைப் பற்றி யோசிப்பதில் பொருள் உண்டு. இன்னொன்று, 200, 300 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருந்தும் டெஸ்ட் ஒவ்வொரு தடவையும் 94, 95 என்று ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தாங்காத போர்ட் (வயர் செருகும் துளை) அல்லது வயர் ஒன்று இருக்கிறது என்று அந்த எண் சொல்கிறது.

இதை நான் நன்றாகத் தெரிந்துகொண்டது சயானில் ஒரு மாமாவின் வரி ஆலோசனை ஆபீஸில். ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், 300 எம்பிபிஎஸ் ஃபைபர். கடையில் சொன்னதை நம்பி நாலு ஆன்டெனா வைத்த ரவுட்டர் ஒன்றை அவர் வாங்கி வைத்திருந்தார், டெஸ்ட் போட்டால் 94. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் பொடி எழுத்தில் போர்ட் 10/100 என்று போட்டிருந்தது. வைஃபை 1200 எம்பிபிஎஸ் என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருந்தாலும், நெட் உள்ளே வரும் வாசலே 100தான். திருப்பி எடுத்துக்கொள்ளக் கடையில் ஒப்புக்கொள்ளவில்லை. கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் உள்ள இன்னொன்றை வாங்கி மாட்டினோம், அப்போதும் 94. மாமா முகம் வாடிவிட்டது, எனக்கும் சங்கடமாகிவிட்டது. கடைசியில் பார்த்தால் ஃபைபர் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வரும் வயரில் நாலு கம்பியை மட்டும் போட்டு யாரோ கிரிம்ப் பண்ணியிருந்தார்கள், அதாவது கனெக்டரில் அழுத்திப் பொருத்தியிருந்தார்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு கம்பி போதும், ஆனால் கிகாபிட் ஓட எட்டுக் கம்பியும் வேண்டும், மீதி நாலில் ஒன்று விட்டுப்போனாலும் போர்ட் பெரும்பாலும் தானாகவே 100க்கு இறங்கிவிடும். கனெக்டரை வெட்டி எட்டையும் சேர்த்துப் புதிதாகக் கிரிம்ப் பண்ணியதும் 280க்கு மேல் வந்தது.

அதனால் பெட்டியில் முதலில் தேட வேண்டியது 10/100/1000 அல்லது கிகாபிட் என்ற சொல். நெட் உள்ளே வரும் வான் போர்ட், கம்ப்யூட்டருக்குப் போகும் லேன் போர்ட் இரண்டிலும் அது இருக்க வேண்டும். உங்கள் பிளான் 100க்குள், அதை ஏற்றும் எண்ணமும் இல்லை என்றால் மட்டும் இதை விட்டுவிடலாம்.

அப்புறம் பெட்டியில் போட்டிருக்கும் ஏசி1200, ஏஎக்ஸ்1500, ஏஎக்ஸ்3000 என்ற எண்கள். ஏசி என்பது வைஃபை 5, ஏஎக்ஸ் என்பது வைஃபை 6. இவை இரண்டு அலைவரிசையின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட கணக்கு. ஏசி1200 என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் 867, 2.4 கிகாஹெர்ட்ஸில் 300. ஏஎக்ஸ்1500 என்றால் 1201, 300. உங்கள் போன் சாதாரணமாக ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும், அதிலும் கையில் கிடைப்பது ஒரே அறைக்குள்ளேயே பாதிக்குச் சற்று மேல்தான். ஏஎக்ஸ்3000இல் வரும் 2402 என்ற எண்ணுக்கு 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் வேண்டும், நிறைய போன்கள் 80ஓடு நின்றுவிடும். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் பிளான் என்றால், கேபிள்காரர் கொடுத்த இரட்டை அலைவரிசைப் பெட்டியே பெரும்பாலும் போதும், காசைச் செலவழிக்க வேண்டாம். 200லிருந்து 500 வரை பிளான், பத்துப் பதினைந்து கருவி என்றால் கிகாபிட் போர்ட் உள்ள வைஃபை 6, ஏஎக்ஸ்1500 வகை நியாயமான தேர்வு. வைஃபை 6இன் நல்ல குணம் உச்ச வேகத்தைவிட, நிறைய கருவி ஒரே நேரத்தில் பேசும்போது முறை வைத்துப் பகிர்ந்து கொடுப்பதில்தான் இருக்கிறது, ஆபீஸுக்கு அதுதான் முக்கியம். வைஃபை 7க்கு இப்போதே பணம் போட வேண்டிய அவசியம் சின்ன நெட்வொர்க்குக்கு இல்லை என்பது என் கருத்து.

இனி சுவர். மும்பையில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். மாட்டுங்காவில் பழைய கட்டடங்களின் சுவர் தடிமன், இரண்டு சுவர் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் சோர்ந்துவிடும். பழையதை இடித்துவிட்டு எழுந்திருக்கும் புது டவர்களில் பலவற்றில் உள்சுவர்கூட செங்கல் கிடையாது, முழுக்கக் கம்பி வைத்த கான்கிரீட், அங்கே நிலைமை இன்னும் மோசம், பெட்ரூம் கதவைச் சாத்தினால் ஒரு கோடுதான் மிஞ்சும். ஆன்டெனா ஆறு இருந்தாலும் இது மாறாது, ஏனென்றால் ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசலாம் என்பதற்குச் சட்டப்படி ஒரு வரம்பு உண்டு, போனோ அதைவிட மெல்லத்தான் பதில் சொல்லும். தாராவியிலும் சால்களிலும் (வரிசையாகச் சின்ன அறைகள் உள்ள பழைய குடியிருப்புகள்) தொல்லை வேறு மாதிரி. வீடு சின்னது, தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, ஆனால் போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் முப்பது நாற்பது பெயர் வரும், 2.4 கிகாஹெர்ட்ஸில் எல்லோரும் ஒரே சந்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அங்கே போனையும் டிவியையும் 5 கிகாஹெர்ட்ஸில் போடுங்கள், 2.4ஐப் பழைய பிரிண்டர், ஸ்மார்ட் பல்பு போன்றவற்றுக்கு விடுங்கள், அதன் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைத்து 1, 6, 11 இந்த மூன்று சேனலில் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் அந்த மூன்றுதான்.

ஃபைபர் வாசல் வழியாக வருவதால் பெட்டியையும் வாசலிலேயே, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலேயோ டிவிக்குப் பின்னாலோ மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பெட்டி அங்கேயே இருக்கட்டும். அதிலிருந்து பத்து மீட்டர் லேன் வயரை இழுத்து, உங்கள் ரவுட்டரை வீட்டின் நடுவில் தோள் உயரத்துக்கு மேல் திறந்த இடத்தில் வையுங்கள். இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், மீன் தொட்டி பக்கத்தில் வேண்டாம். இதை மட்டும் செய்து, வாங்கிய புது ரவுட்டரைப் பிரிக்காமலே கடைக்குத் திருப்பிக் கொடுத்த ஒரு குடும்பம் செம்பூரில் உண்டு.

வயர் வாங்கும்போது கவனம். செம்பு வயர் என்று சொல்லி, அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய சிசிஏ வயரைத் தலையில் கட்டிவிடுவார்கள். ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது சிசிஏ, சீக்கிரம் ஒடியும், நீள ஓட்டத்துக்கு உதவாது. முழுச் செம்பு கேட்-5இ வயரே 100 மீட்டர் வரை கிகாபிட்டைத் தாங்கும், சுவருக்குள் புதைப்பதாக இருந்தால் கேட்-6 போடுங்கள். ரிப்பீட்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வயர் இழுக்க வழியே இல்லை என்றால் மட்டும். சாதாரண ரிப்பீட்டர் கேட்டதை அதே அலைவரிசையில் திரும்பச் சொல்வதால் வேகம் பாதியாகிவிடும். பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை செய்யும் மெஷ் நல்லதுதான், ஆனால் அதன் பெட்டிகளுக்கு இடையேயும் வயர் போட்டால்தான் கொடுத்த காசுக்கு முழுப் பலன்.

சின்ன ஆபீஸாக இருந்தால் மேசையை விட்டு நகராத எல்லாக் கருவிக்கும் வயர் கொடுங்கள். ரவுட்டரில் நாலு லேன் போர்ட்தான் இருக்கும், எட்டுப் போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் கம்ப்யூட்டர், பிரிண்டர், சிசிடிவி எல்லாம் அதில் அடங்கிவிடும், வைஃபை போனுக்கும் லேப்டாப்புக்கும் மட்டும். அடுத்து அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: கேபிள்காரரின் பெட்டியும் ஒரு ரவுட்டர், அதற்குப் பின்னால் உங்களுடையதும் ஒரு ரவுட்டர், இரண்டுமே கருவிகளுக்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) கொடுக்கத் தொடங்கினால் பாதிக் கம்ப்யூட்டருக்குப் பிரிண்டர் தெரியும், மீதிக்குத் தெரியாது. இரண்டுக்கும் முகவரி 192.168.1.1 என்றே இருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். வழி இரண்டு. முழு வேலையையும் உங்கள் ரவுட்டர் செய்ய வேண்டும் என்றால், அவர்கள் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (லைனை அப்படியே கடத்திவிடும் நிலை) போடச் சொல்லுங்கள். அதற்கு அவர்கள் மறுத்தால், உங்கள் ரவுட்டரை அக்சஸ் பாயிண்ட் மோடில் (வைஃபை மட்டும் கொடுக்கும் நிலை) போடுங்கள். இந்த மோட் உள்ளதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

சிசிடிவியை ஊரிலிருந்து பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு ஒரு விஷயம். ரவுட்டரின் வான் ஐபி (லைன் பக்கம் அதற்குக் கிடைத்த முகவரி) 100.64லிருந்து 100.127க்குள் தொடங்கினால், ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். வெளியிலிருந்து வருவதைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை செய்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. கேமரா கம்பெனியின் ஆப் வழியாகப் பார்க்கலாம், அல்லது கேபிள்காரரிடம் பணம் கட்டி, உங்களுக்கென்றே மாறாத பொது முகவரியான ஸ்டாட்டிக் ஐபி வாங்க வேண்டும்.

சயான் மாமாவுக்கு இன்னொரு தேவை இருந்தது. மாதாமாதம் போடுவோருக்கு 20ஆம் தேதிதான் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்கைப் போடும் கடைசி நாள், அன்று நெட் போனால் ஆபீஸே நின்றுவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு இரண்டு வான் போர்ட் உள்ள ரவுட்டரை வாங்கி, வேறொரு கம்பெனியின் மலிவான லைனை இரண்டாவதாகப் போட்டுக்கொள்ளலாம், முதல் லைன் விழுந்தால் ரவுட்டர் தானாக அடுத்ததற்கு மாறும். சிம் போடும் 4ஜி ரவுட்டரையும் இரண்டாவது லைனாக வைக்கலாம். ஒரே ஆள் இரண்டு கம்பெனி லைனையும் ஒரே மொட்டை மாடி வழியாகக் கொண்டுவந்தால் மட்டும் பயனில்லை, வெட்டுப்பட்டால் இரண்டும் சேர்ந்தே போகும்.

மழைக்காலம் வரும் முன் லைனைப் பாருங்கள். மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தொங்கவிட்ட செம்பு லேன் வயரில் வருவதாக இருந்தால், பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலே வான் போர்ட் கருகிவிடலாம், சில நேரம் அதோடு பிடித்த கம்ப்யூட்டரும் போகும். ஃபைபருக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. அதுவரை இடி இடிக்கும்போது வான் வயரைப் பிடுங்கி வைப்பதுதான் பாதுகாப்பு. மின்சாரம் போனாலும் நெட் வேண்டும் என்றால் மினி யுபிஎஸ் வாங்கலாம், ஆனால் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட் அதே அளவாகவும் ஆம்பியர் போதுமானதாகவும் இருக்க வேண்டும், ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ரவுட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்தால் நெட் வராது.

மாட்டிய அன்றே செய்ய வேண்டியவை: அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வைஃபைக்குப் பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 வையுங்கள், பட்டனை அழுத்தியோ பின் எண்ணிலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸையும் வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணையுங்கள், ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். வாடிக்கையாளருக்கும் விருந்தாளிக்கும் கெஸ்ட் நெட்வொர்க்கைத் தனியாகக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறாரே என்று உங்கள் வைஃபையைப் பகிர்ந்தால், அவர் செய்யும் எதற்கும் முதலில் விசாரிக்கப்படுவது லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான், அதையும் யோசித்துக் கொடுங்கள்.

கடையில் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லி வாங்குங்கள், வாரண்டிக்கு அது தேவைப்படும். பழைய பெட்டியைக் கழற்றும் முன் லைனுக்குள் நுழையும் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்ட், லைனைப் பிரித்துக் காட்டும் விலான் எண் இருந்தால் அது, பழைய ரவுட்டரின் மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சில கேபிள்காரர்கள் லைனைப் பழைய மேக் முகவரியோடு பூட்டி வைத்திருப்பார்கள், புதியதில் அதே முகவரியைக் குளோன் செய்யும்வரை, அதாவது நகலெடுத்துப் போடும்வரை நெட் வராது. எழுதிய தாளை ரவுட்டரின் அடியில் ஒட்டி, ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரீசெட் ஆகிவிட்டால் கேபிள்காரரின் பையனுக்குப் போன் போட்டு எடுக்க மாட்டானா என்று காத்திருக்க வேண்டியதில்லை.