நர்சிங் பட்டப்படிப்பில் சேருமுன் கேட்க வேண்டியவை

20 வருஷமாக வார்டில் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், நீங்கள் வேலை பார்க்கப்போகும் நாட்டின் நர்சிங் கவுன்சில் அந்தப் படிப்பை அங்கீகரித்திருக்கிறதா? பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, படிப்புக்கு இருப்பது வேறு. கவுன்சில் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள்.

அடுத்தது வார்டுப் பயிற்சி. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொது நர்சிங் படிப்புக்குக் குறைந்தது 4,600 மணி நேரம். அதில் பாதியாவது நேரடிப் பயிற்சியாக இருக்க வேண்டும். உங்கள் படிப்பை இதோடு ஒப்பிடுங்கள். எந்தெந்த வார்டு, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். ஒருமுறை என் வார்டுக்கு இறுதியாண்டு மாணவி ஒருத்தி வந்தாள். மதிப்பெண் அபாரம். ஆனால் பொம்மைக் கையில்தான் ஊசி ஏற்றிப் பழக்கம். ஒரு பாட்டியின் கையில் ரத்தக்குழாய் விரலுக்கடியில் வழுக்கி வழுக்கிப் போக, அவள் கண் கலங்கிவிட்டது. தவறு அவளுடையதல்ல. 15 பேருக்கு ஒரே பயிற்றுநர்!

லைசென்ஸ் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறியவர்கள் எத்தனை சதவீதம், சேர்ந்தவர்களில் படிப்பை முடித்தவர்கள் எத்தனை பேர், இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். திணறுகிறவர்களை நடுவிலேயே கழித்துவிட்டால் முதல் எண் அழகாகத்தான் தெரியும்.

கட்டடம், நூலகமெல்லாம் பிறகு. இறுதியாண்டு மாணவர்களைத் தனியாகச் சந்தித்து, மருந்து கொடுப்பதில் தவறிவிட்டால் யாரிடம் சொல்வீர்கள் என்று கேளுங்கள். “எங்க மேடம்கிட்டதான்” என்று தயங்காமல் பதில் வந்தால், அங்கே சேரலாம்.