ஊர் எந்தப் பக்கம்? பூத் கணக்கைப் படிக்கும் முறை

திசையன்விளை, பணகுடி மாதிரி ஒரு சின்ன ஊர் எந்தக் கட்சிப் பக்கம் நிற்கிறது என்று டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கொடிக்கம்பங்களை எண்ணினாலும் தெரியாது. தெளிவாகச் சொல்வது படிவம் 20. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய ஓட்டு அதில் இருக்கிறது. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இந்த ஊர்கள் இருக்கும் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதிக்கு 2019 (மக்களவை), 2021 (சட்டமன்றம்), 2024 (மக்களவை) ஆகிய மூன்று தேர்தல் தாள்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். மக்களவைத் தேர்தல் கணக்கும் சட்டமன்றத் தொகுதி வாரியாகவே பிரித்து இருக்கும்.

கூடவே அந்தந்தத் தேர்தலின் வாக்குச்சாவடிப் பட்டியலும் வேண்டும். எந்தப் பள்ளிக்கூடம், எந்தெந்தத் தெரு என்பது அதில்தான் இருக்கிறது. பலரும் சறுக்கும் இடமும் இதுதான். 2021-ல் கொரோனாவுக்காகச் சாவடிக்கு 1,000 வாக்காளர் என்று வரம்பு வைத்ததால் ஏராளமான துணைச் சாவடிகள் வந்தன. அவற்றின் எண்ணோடு 'ஏ' சேர்ந்திருக்கும். 2024-ல் பெரும்பாலும் அவை இல்லை. எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் ஒரு தெருவின் ஓட்டை இன்னொரு தெருவின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். தெருப்பெயரை வைத்து ஊருக்குள் நாலைந்து பகுதிகளாகச் சேர்த்துக்கொண்டு அந்தப் பகுதிகளையே ஒப்பிடுங்கள். இன்னொன்று: படிவம் 20-ல் முதல் கட்டத்தில் இருப்பது வரிசை எண், சாவடி எண் அதற்கு அடுத்தது.

தாள் பல நேரம் மங்கலான ஸ்கேன்தான். 3 எது, 8 எது என்று தெரியாது. வரிசையைக் கூட்டி, செல்லத்தக்க வாக்குகளின் மொத்தத்தோடு சரிபாருங்கள். நோட்டா அந்த மொத்தத்தில் சேராது. தனிக் கட்டத்தில் இருக்கும்.

ஓட்டு எண்ணிக்கையோடு சதவீதத்தையும் போடுங்கள். உதாரணத்துக்கு, ஒரு பகுதியில் முன்பு 700-க்கு 210, இப்போது 600-க்கு 204 என்றால் ஓட்டு குறைந்திருக்கிறது. ஆனால் பங்கு 30-லிருந்து 34 சதவீதமாக ஏறியிருக்கிறது.

அடுத்தது கூட்டணி. சின்னத்தைச் சின்னத்தோடு ஒப்பிட்டால் கணக்கு கெட்டுப்போகும். ராதாபுரத்துக்காரர்கள் 2019, 2021 இரண்டிலும் திமுக கூட்டணிக்கு உதயசூரியனில் போட்டார்கள். 2024-ல் அதே கூட்டணிக்குக் கை சின்னம். அதிமுகவும் பாஜகவும் முதல் இரண்டு தேர்தலிலும் ஒரே அணி, 2024-ல் இலையும் தாமரையும் தனித்தனி. ஆகவே 2024-ல் இலைக்குக் குறைந்ததை அப்படியே சரிவு என்று எழுதாதீர்கள். தாமரை ஓட்டையும் சேர்த்து ஒரு தடவை, சேர்க்காமல் ஒரு தடவை பாருங்கள். நாம் தமிழர் மூன்றிலும் தனித்தே நின்றதால் (சின்னம் மட்டும் கரும்பு விவசாயியிலிருந்து மைக்காக மாறியது) அந்த வரிசையை நேராக ஒப்பிடலாம்.

பஞ்சாயத்துத் தேர்தலை இதில் கலக்கவே வேண்டாம். கிராம ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. அங்கே விழுவது ஆளுக்கான ஓட்டு, சொந்தபந்தத்துக்கான ஓட்டு. 2021 அக்டோபரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் கட்சி மனநிலை பார்க்க ஒன்றிய, மாவட்ட ஊராட்சி வார்டுகள்தான் உதவும். பேரூராட்சி என்றால் 2022 பிப்ரவரி வார்டு முடிவுகள். அவை கட்சிச் சின்னத்தில் நடந்தவை.

வாக்குப்பதிவு சதவீதத்தை நம்புவதற்கு முன் ஊரில் யார் இருந்தார்கள் என்று விசாரியுங்கள். நம் பக்கத்தில் சென்னை, மும்பை, வளைகுடா என்று பிழைக்கப் போனவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்து திரும்பியவர்கள், சில வாரத்தில் ஓட்டுக்காக இன்னொரு தடவை பஸ் டிக்கெட் போடுவது லேசல்ல; 2024-ல் உத்திரம் மார்ச் 25, வாக்குப்பதிவு ஏப்ரல் 19. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிர திருத்தத்துக்குப் பிறகு வாக்காளர் பட்டியலே சுருங்கியிருக்கிறது. ஓட்டு ஒன்றுகூடக் கூடாமலே சதவீதம் ஏறும்.

நீங்கள் தயாரிக்கும் தாளில், ஓட்டு ஏறி இறங்கியதன் காரணத்துக்கென்று ஒரு கட்டம் ஒதுக்குங்கள். இடிந்தகரை, உவரிப் பக்கம் தூண்டில் வளைவும் (கடலரிப்பைத் தடுக்கும் கல் தடுப்பு) கூடங்குளம் அணுஉலையும் பேசப்படும். உள்ளே வந்தால் ராதாபுரம் கால்வாயில் பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைமடை வரை வந்ததா என்பதுதான் கேள்வி. தெருவின் சாதியை மட்டும் அந்தக் கட்டத்தில் எழுதி முடித்துவிடாதீர்கள். ஒரு சாவடியில் பல தெருக்கள் சேர்ந்திருக்கும்; ஒரு தெருவுக்குள்ளேயே மாமியார் ஒரு சின்னம், மருமகள் ஒரு சின்னம். 'இந்தத் தெரு நமக்குப் போடலை' என்று குடிதண்ணீர்க் குழாயை நிறுத்த இந்தத் தாள் பயன்பட்டால் அது அநியாயம். அதனால் வெளியே பகிரும்போது தனிச் சாவடி எண்ணிக்கையை விட்டுவிட்டு ஊர் மொத்தத்தை மட்டும் கொடுங்கள்.

தபால் ஓட்டு சாவடி வாரியாக வராது. தாளின் கடைசியில் தொகுதி மொத்தமாக நிற்கும். சின்ன எண்ணிக்கைதானே என்று விட்டுவிடக் கூடாது. 2016-ல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசமே 49 ஓட்டு. நிராகரிக்கப்பட்ட தபால் ஓட்டுகளை வைத்துத்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

அடுத்த தேர்தலுக்குப் படிவம் 20 வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாக்குப்பதிவு முடிந்ததும் பூத் ஏஜெண்டுகளுக்குப் படிவம் 17சி நகல், அதாவது அந்தச் சாவடியில் பதிவான ஓட்டுகளின் கணக்கு, கொடுப்பார்கள். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அன்று ராத்திரியே கேட்டு வாங்கி, சாவடி எண்ணையும் பதிவான மொத்த ஓட்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு படிவம் 20 வந்ததும் மொத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம்.