எலியின் ஊகத்தைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஹிப்போகேம்பஸ் (மூளையில் நினைவுக்கு உதவும் பகுதி) கெட்டால் எலிக்கு எதுவும் நினைவில் நிற்காது" என்று கருத்தரங்குக் கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். 1997-இல் ஆய்வாளர்கள் ஜெஃப்ரி டூசெக்கும் ஹோவர்ட் ஐகன்பாமும் வெளியிட்ட ஆய்வில், ஹிப்போகேம்பஸின் தொடர்பு துண்டிக்கப்பட்ட எலிகளும் பாடங்களைக் கற்றன. கற்றதைக் கோத்துப் புது விடை காண்பதில்தான் தோற்றன.

காரைக்குடி வகுப்பில் இதை விளக்க அஞ்சறைப்பெட்டியே போதும். மணல் நிரப்பிய இரு கிண்ணங்கள், கிண்ணத்துக்கொரு வாசனை, சரியானதில் தீனி புதைந்திருக்கும். சோம்பு–பட்டை வந்தால் சோம்பில், பட்டை–கிராம்பு வந்தால் பட்டையில், கிராம்பு–சீரகத்தில் கிராம்பு, சீரகம்–கல்பாசியில் சீரகம். பிறகு, சேர்த்தே பார்த்திராத பட்டையையும் சீரகத்தையும் வையுங்கள். பட்டை கிராம்பை வென்றது, கிராம்பு சீரகத்தை வென்றது என்று கோத்து, ஊகிக்கும் எலி பட்டையைத் தோண்டும்.

பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. சோம்பையும் கல்பாசியையும் எதிரெதிரே வைத்துவிட்டு, எலி சோம்பைத் தோண்டியதும் ஊகித்துவிட்டதாக முடிவு கட்டுகிறார்கள். சோம்பில் எப்போதும் தீனி இருந்தது, கல்பாசியில் ஒருபோதும் இல்லை. ஊகத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஹிப்போகேம்பஸ் தொடர்பு துண்டிக்கப்பட்ட எலிகளும் அதில் தேறின. பட்டையும் சீரகமுமோ ஒரு ஜோடியில் வென்று இன்னொன்றில் தோற்றவை. நான்கே வாசனை வைத்தாலும் வீண்: ஓரத்து இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது பயிற்சியில் வந்த ஜோடிதான். ஐந்து வைத்தும் ஓர் ஐயம் எஞ்சும். எப்போதும் தீனி தரும் சோம்போடு சேர்ந்து வந்ததால் பட்டைக்கும் கொஞ்சம் மதிப்பு ஒட்டியிருக்கலாம். இதை மறைக்காமல் எழுதுங்கள்.

புதைத்த தீனியையே எலி மோப்பம் பிடித்துவிடும். தீனிப் பொடியை எல்லா மணலிலும் கலந்துவிடுங்கள். கிண்ணங்களை இடம் வலம் மாற்றிக்கொண்டே இருங்கள். 100 கிராம் மணலுக்கு 1 கிராம் வாசனைத் தூள் போதும். ஆனால் ஒரே எடை ஒரே வீரியம் ஆகாது: கிராம்பு தூக்கலாக இருக்கும், கல்பாசி அடங்கி நிற்கும். அதனால் எலிக்கு எலி வாசனைகளின் வரிசையை மாற்ற வேண்டும். மிளகாயும் மிளகும் மூக்கை எரிப்பவை, அவை வேண்டாம். வறுத்தரைத்த மசாலாவில் பல வாசனை கலந்திருப்பதால் அதுவும் ஆகாது. சோதனை ஜோடியை அடிக்கடி காட்டிப் பட்டையில் தீனியும் வைத்தால், அதுவே ஐந்தாம் பாடமாகிவிடும்.

"ஹிப்போகேம்பஸை அகற்றினார்கள்" என்பதும் பிழை. 1997-இல் ஒரு குழுவுக்கு ஹிப்போகேம்பஸை மூளையின் பிற பகுதிகளோடு இணைக்கும் ஃபார்னிக்ஸ் நரம்புக் கற்றை வெட்டப்பட்டது. இன்னொன்றுக்குப் பெரிரைனல், என்டோரைனல் புறணி (ஹிப்போகேம்பஸை ஒட்டிய மூளைப் பகுதிகள்) நீக்கப்பட்டது. ஐபோடெனிக் அமிலத்தால் ஹிப்போகேம்பஸ் செல்களையே அழித்தது 1996-இல் பன்சியும் ஐகன்பாமும் வெளியிட்ட வேறோர் ஆய்வு.