பவர் பிரஸ் பட்டறையில் விரல்களைக் காக்க முதலாளிகள் செய்ய வேண்டியவை

கோவையிலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும் தகட்டை வெட்டி, வளைத்து வாகன உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளில், பவர் பிரஸ் என்னும் தகடு அழுத்தும் இயந்திரத்தில் ஒருவர் விரலை இழந்தால் அவருடைய கவனக்குறைவைத்தான் முதலில் குற்றம் சொல்கிறோம். ஒரே ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை டைக்குள் (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) கைவிட்டு எடுப்பவரிடம் ஒரு நொடியும் சிதறாத கவனத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. கை உள்ளே போக வேண்டிய தேவையே இல்லாதபடி வேலையை அமைப்பது முதலாளியின் பொறுப்பு. ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும் என்ற, 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் அப்பொறுப்பைத் தொழிலாளியின் தலையில் கட்டவில்லை.

தகடு பட்டையாக உள்ளே போகும் வேலையென்றால் டையைச் சுற்றி நிரந்தரக் கூண்டு அமைத்து, தகடு நுழையும் இடைவெளியை 6 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். ஒவ்வொரு துண்டாக வைக்கும் வேலையென்றால் கால் பெடலைக் கழற்றிவிட்டு, இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இயங்கும் பட்டன்களைப் பொருத்துங்கள். பட்டனை விட்ட கை டையை எட்டுவதற்குள், மேலிருந்து வந்து தகட்டை அழுத்தும் ராம் இறங்கி முடிந்திருக்கும் அளவுக்கு அவை தள்ளியிருக்க வேண்டும்.

பழைய பிரஸ்களில் பெரும்பாலானவை சாவி கிளட்ச்சில் (சுழலும் சக்கரத்தோடு ராமை ஒரு சாவியால் இணைக்கும் அமைப்பு) ஓடுபவை என்பதால் இந்த இடத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. சாவி ஒருமுறை பிடித்துவிட்டால் முழுச் சுற்றும் முடியாமல் ராம் நிற்காது; ஆகவே நடுவழியில் நிறுத்தக்கூடிய உராய்வு கிளட்ச் இயந்திரங்களுக்கு உதவும் லைட் கர்ட்டனை (கை குறுக்கிட்டால் இயந்திரத்தை நிறுத்தும் ஒளித்திரை) இவற்றில் மாட்டினால், பணம் செலவாகும், விரல் பிழைக்காது. சாவி தேய்ந்தாலோ, அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, பிரேக் பட்டை வழுக்கினாலோ, யாரும் அழுத்தாமலே ராம் இரண்டாம் முறையும் இறங்கும். எத்தனை அனுபவசாலியும் இதிலிருந்து தப்ப முடியாது. ஒவ்வொரு ஷிப்டும் தொடங்குமுன் இம்மூன்றையும் செட்டர் (டையைப் பொருத்தி இயந்திரத்தைத் தயார் செய்பவர்) சோதித்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். ஒருமுறை தானாக இறங்கினாலும், ஆர்டர் எவ்வளவு அவசரமானாலும், பழுது நீங்கும்வரை அந்த பிரஸ் ஓடக்கூடாது.

டை மாற்றும்போது மோட்டாரை அணைத்தது மட்டும் போதாது, பிளைவீல் என்னும் கனத்த சக்கரம் சுழன்று ஓயும்வரை காத்திருந்து, ராமுக்கு அடியில் முட்டுக்கட்டை வைத்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஒரு பட்டனில் மரத்துண்டைச் செருகிக் கம்பியால் கட்டி, ஒற்றைக் கையால் ஓட்டுவதைப் பல பட்டறைகளில் காணலாம். ஆபரேட்டரைத் திட்டுமுன் பீஸ் ரேட்டை (துண்டு எண்ணிக்கைக்கேற்ற கூலி) பாருங்கள்: தடுப்போடு ஓட்டினால் எட்டவே முடியாத எண்ணிக்கையை இலக்காக வைத்தவர்கள் நாம்தான். தடுப்புடன் ஓடும் வேகத்தை அளந்து அதற்கேற்பக் கூலியை நிர்ணயித்தால், கட்டிய கம்பியை அவரே அவிழ்த்துவிடுவார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே, இயந்திரத்தின் முன் நின்று கற்றுக்கொடுங்கள். தமிழில் எழுதி ஒட்டிய எச்சரிக்கை அவர்களுக்குப் பயன்படாது.

புதியவரை வேலைக்குச் சேர்க்கும் அன்றே இ.எஸ்.ஐ.-யில் பதிவு செய்யுங்கள். விரல் துண்டானால் காயத்தை அழுத்திக் கட்டி, துண்டான பகுதியை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி பிளாஸ்டிக் பையில் மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து அவருடனேயே அனுப்ப வேண்டும். விரல் நேரடியாக ஐஸ்மேல் படக்கூடாது. இத்தனையையும் இரவு ஷிப்டில் இருப்பவர்களும் அறிந்திருக்க வேண்டும்.